பதினைந்தாவது வளையம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் அருங்காட்சியகத்தில் வாசல் காவலாளி உட்பட எல்லோருக்கும் தெரியும். மண்புழுவைப் பார்த்து, "இதுல தலை எதுங்க, வால் எதுங்க?" என்று யாராவது இளித்துக்கொண்டே கேட்டால் போதும், அன்றைக்கு முழுக்க என் வாயில் நல்ல வார்த்தை வராது. முப்பத்தோரு வருடமாக எனக்கு இதே வேலை. புழுவை மெழுகுத் தட்டில் கிடத்தி, இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, முதுகைக் கீறித் திறந்து, தலையிலிருந்து ஒவ்வொரு வளையமாக எண்ணிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒழுங்காக எண்ணத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் எவ்வளவு குறைச்சல் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மண்புழுவுக்கு முகம் கிடையாது. நிறத்தை நம்ப முடியாது, நீளத்தையும் நம்ப முடியாது. நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான், எந்த உறுப்பு எத்தனையாவது வளையத்தில் இருக்கிறது என்பது. அரைவைப்பை எத்தனையாவதில், விந்துப் பைகள் எத்தனையாவதில், உடம்பைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி தடித்திருக்கிற பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குப் பக்கத்தில் விந்து வெளியே வருகிற ஆண் துளை எங்கே. ஓர் எண் பிசகினால் வேறு இனம். வாய்க்கு மேலே தொங்கும் குட்டி உதட்டையும் ஒரு வளையமாகச் சேர்த்து எண்ணிவிட்டு, "புது இனம் மேடம்!" என்று குதித்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலரை நான் அழவைத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இந்த வருடம் மழைக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. எங்களிடம் இருக்கும் மூல மாதிரிகள் அத்தனையையும் மறுபடி எண்ணி, பெயர்ப்பட்டியலைத் திருத்தவேண்டும். மூல மாதிரி என்றால், ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்தப் புழுவைப் பார்த்து வைத்தார்களோ அந்த ஒரு புழு. அதில் தப்பு என்றால் பெயரே தப்பு. நான் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் பதினொரு பெயர்களைக் காலி செய்தேன். அதில் ஒன்று, யாரோ ஒரு பெரிய மனிதர் தன் மாமியாரின் பெயரை வைத்தது. பார்த்தால், உதட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்.

"மாமியார் கிட்ட நல்ல பேர் வாங்கற அவசரத்துல மனுஷனுக்கு எண்ணிக்கை மறந்துபோச்சு" என்று நான் சொன்னதும், பக்கத்து மேஜை மரவட்டைக்காரி குடித்த டீயைத் துப்பிவிட்டாள். அவள் என் சிநேகிதி. மரவட்டைகளுக்குக் கால் எண்ணுவது அவள் வேலை. அதனால் அவளுக்கு என்னைக் கொஞ்சம் புரியும்.

பன்னிரண்டாவது ஜாடி எங்கள் பெண்ணுடையது.

எங்களுக்கு இருந்தது ஒரே பெண். வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்துமூன்று வருடம் ஆகிறது. காய்ச்சல் வந்த அன்று காலையில் அவள் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு புழுவைக் கொண்டுவந்து அவள் அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். என் கணவரும் அப்போது இதே அருங்காட்சியகத்தில், இதே பிரிவில்தான் இருந்தார். நான் மண் மாதிரி எடுக்க வெளியூர் போயிருந்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் குப்பைகளில் கிடக்கிற சாதாரணப் புழுவுக்கு ஆண் துளை பதினெட்டாவது வளையத்தில் இருக்கும். இதற்குப் பதினைந்தாவதில் இருந்தது. பட்டை, பைகள், உள்ளே இருந்த ஒவ்வொன்றும் கணக்காக மூன்று வளையம் முன்னால். அப்படி ஒரு புழுவை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவள் போய் ஆறு மாதம் கழித்து அவர் கட்டுரை எழுதி, அந்த இனத்துக்கு அவள் பெயரை வைத்தார். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருந்த முழுப் பெயர், பின்னால் லத்தீனில் ஒரு வால். ரிஜிஸ்டரில் அடித்துவிட்டார்கள், வீட்டுக் காகிதங்களிலும் அடித்துவிட்டார்கள். உலகத்தில் அவள் பெயர் அடிபடாமல் அச்சில் இருப்பது அந்த ஓர் இடத்தில்தான்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எண்ணி, சீட்டில் எழுதி, மடித்து வைத்துவிடுவார். இன்னொருவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் தானாக எண்ணி எழுதவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பெயர். அந்தப் புழுவுக்கு மட்டும் இரண்டாவது எண்ணிக்கை நடக்கவில்லை. எண்ணவேண்டியவள் நான். அவள் கை பட்ட புழுவை என்னால் பார்க்க முடியவில்லை. ஜாடி இருந்த அலமாரிப் பக்கம் போகவேண்டி வந்தாலே சுற்றிக்கொண்டு போவேன். பெண்ணைப் பறிகொடுத்தவளிடம் போய் யார் சீட்டைக் கேட்பார்கள்? விட்டுவிட்டார்கள்.

அவர் விடவில்லை. ஒரே ஒரு புழுவை வைத்து இனம் என்று சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், இரண்டாவது ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தார். அன்று தேட ஆரம்பித்தவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் மழை விழுந்தால் மண் கிளறுகிற களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். எங்கள் தெருவில் அவர் தோண்டாத வீடு கிடையாது. "என்ன சார், புதையல் கெடச்சுதா?" என்று கேட்காத ஆளும் கிடையாது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. கண்ணில் புரை விழுந்து எண்ண முடியாமல் போனதும் டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டுவார்.

"பதினஞ்சு இருக்கா பாரு."

"பதினெட்டுங்க."

"சரி, அடுத்தது பாரு."

வருடத்துக்கு இருநூறு, முந்நூறு புழு. ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த ஜாடியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் வேறு எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஊரார் பெண்டாட்டி, மாமியார் பெயரையெல்லாம் அடிக்கிறவளுக்குத் தன் பெண் ஜாடியைத் திறக்க என்ன நடுக்கம்? மூடியைத் திருகினேன். ஸ்பிரிட் பழுப்பேறியிருந்தது. உள்ளே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'பிடித்த இடம்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், உடைந்த பூந்தொட்டி மண். பிடித்தவர்: வாண்டு.' ஆபீஸ் சீட்டில் யாராவது வாண்டு என்று எழுதுவார்களா? மனிதர் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எழுதியிருக்கிறார்.

புழுவைத் தட்டில் போட்டேன். அவர் அன்று கீறிய கீறல் அப்படியே இருந்தது. சுத்தமான கை அவருக்கு. மைக்ரோஸ்கோப்பைக் குனிந்து பார்த்து எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்து. விந்துப் பைகள் ஐந்திலும் ஆறிலும். சாதாரணப் புழுவுக்கு எட்டிலும் ஒன்பதிலும். அவர் எழுதியதில் ஓர் எண் கூடப் பிசகில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபத்துமூன்று வருடமாக இதற்கா பயந்தேன் என்று நினைத்துக்கொண்டே, தலைப்பக்கம் ஒரு தரம் வெளிச்சத்தைத் திருப்பி வைத்தேன்.

அப்போதுதான் முன்னால் இருந்த இரண்டு வளையங்களைப் பார்த்தேன்.

ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத சின்ன முட்கள் வரிசையாக இருக்கும். மூன்றாவது வளையத்திலிருந்து அவை பெரிதாக, இடம் விட்டு இருந்தன. முதல் இரண்டில் மட்டும் பொடிப் பொடியாக, நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அந்த இரண்டு வளையமும் மற்றதைவிட ஒரு நூல் ஒல்லி. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த கோடு நேராக இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, கத்தரிக்கோல் சறுக்கின துணி மாதிரி.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் இது புரியும். சாதாரணக் குப்பைப் புழுவுக்குத் தலையை வெட்டினால் சில சமயம் மறுபடி வளரும். ஆனால் போனது முழுசாகத் திரும்பாது. ஐந்து வளையம் போனால் இரண்டுதான் வளரும். அப்புறம் தலையிலிருந்து எண்ணினால் மூன்று குறையும். பதினெட்டு பதினைந்தாகிவிடும். எட்டு ஐந்தாகிவிடும். எல்லாம் கணக்காக மூன்று வளையம் முன்னால் நகர்ந்திருக்கும். எண்ணினவர் கண் ஏமாறவில்லை, கணக்கும் தப்பவில்லை. புழுதான் வேறொன்றாக இருந்தது.

அது புது இனம் இல்லை. தலை வெட்டுப்பட்டு வேறு தலை முளைத்த குப்பைப் புழு.

தானாக வெட்டுப்பட்டிருக்கலாம், மண்வெட்டி பட்டிருக்கலாம் என்று நினைக்கத்தான் பார்த்தேன். சீட்டில் 'உடைந்த பூந்தொட்டி மண்' என்று இருந்ததே. அந்தப் பூந்தொட்டியை எனக்குத் தெரியும்.

அவள் போவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் சாப்பிடும்போது அவள் விடாமல் பிடுங்கி எடுத்தாள். "ஏம்மா, மண்புழு வாலை வெட்டினா வளருமா?" வளரும் என்றேன். "அப்போ தலையை வெட்டினா?" சில இனத்துக்கு வளரும் என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஆபீஸில் யாருடனோ சண்டை, மண்டை காய்ந்துபோய் வந்திருந்தேன். ஒன்றுக்குச் சரி என்றால் அவள் அடுத்து ஒன்பது கேள்வி கேட்பாள். "வளராது. தலை போனா போனதுதான். பேசாம சாப்பிடு" என்றேன். அவளா கேட்பாள்? மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பென்சில் சீவுகிற பிளேடால் புழுக்களின் தலையை வெட்டி, உடைந்த பூந்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிளேடைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ, ஓங்கி அறைந்துவிட்டேன். "உயிரை வெச்சுக்கிட்டு விளையாட்டா? இதைக் கொண்டுபோய்க் கொட்டு. இன்னொரு தடவை பார்த்தேன், கையை ஒடிச்சுடுவேன்." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வளருதான்னு பாக்கத்தாம்மா" என்றாள். "வளராதுன்னு சொன்னேன்ல?" என்றேன். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். அவள் அப்பாவிடம் நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் கொட்டவில்லை. தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தலை வளர்ந்திருக்கிறது.

மரவட்டைக்காரி வந்து தோளைத் தொட்டாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" எழுந்து நாற்காலியைக் காட்டினேன். அவள் எண்ணி, சீட்டில் எழுதி மடித்தாள். பிரித்தால் பதினைந்து.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே? சரியாத்தானே இருக்கு? நல்ல வேளை, நான் கூட..."

"முதல் ரெண்டைப் பாரு."

பார்த்தாள். அவளுக்குக் கால்தான் தொழில் என்றாலும் கண் ஒன்றுதானே. தலையைத் தூக்கினபோது மூக்கை உறிஞ்சினாள்.

"இங்க பாரு, நான் ஒண்ணு சொல்றேன், என் மேல பாயாதே" என்றாள். "பட்டியல்ல அதுக்குன்னே ஒரு வரி இருக்குல்ல? 'மாதிரி சிதைந்துள்ளது, ஆராய இயலவில்லை, பெயர் நீடிக்கிறது.' அதை எழுதிடு. இன்னும் ஐம்பது வருஷத்துக்கு இந்த ஜாடியை எவன் வந்து தொறக்கப்போறான்?"

"எவளாவது தொறப்பா. என்னை மாதிரி ஒருத்தி."

"தொறக்கட்டுமே. அப்போ நீயும் இருக்கமாட்டே, அவரும் இருக்கமாட்டார். யாருக்கு என்னடி நஷ்டம்?"

நான் பாயவில்லை. பாய என்னிடம் என்ன இருந்தது? நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். மாமியார் பெயரை அடித்தபோது சிரித்தவள், என் பெண் பெயர் என்று வந்ததும் பொய் எழுதப் பேனாவை எடுக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பார்த்தால் அவள் பெயர் போய்விடும். இன்னொரு தடவை என் கையாலேயே அவளை அடிக்க வேண்டுமா?

என்னைத் தடுத்தது நேர்மை எல்லாம் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழைச் சத்தம் கேட்டதும் அவர் இந்நேரம் களைக்கொட்டை எடுத்திருப்பார் என்று தோன்றியது. அறுபத்தெட்டு வயது. இல்லாத ஒரு புழுவுக்காக முழங்காலில் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருப்பார். நான் அந்த வரியை எழுதினால் அடுத்த வருடமும் தோண்டுவார், அதற்கடுத்த வருடமும் தோண்டுவார். டப்பாவை நீட்டுவார். நான் பார்த்துவிட்டு, பதினெட்டு என்பேன். இல்லவே இல்லை என்று தெரிந்துகொண்டே அவர் முன்னால் உட்கார்ந்து எண்ண என்னால் முடியுமா? பெயரை அடித்தால் பெண் போகிறாள். விட்டால் அவர் குழியிலேயே கிடந்து சாகிறார். அவரிடம் சொல்வதென்றால் அன்று நான் அவளை அறைந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நினைத்தது போலவே அவர் கொல்லையில்தான் இருந்தார். தூறலில் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொடை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டியிருந்தார். வேறு நாளாக இருந்தால் காய்ச்சி எடுத்திருப்பேன்.

"வந்துட்டியா? இன்னைக்கு எட்டு கெடச்சிருக்கு" என்றார். "அதுல ஒண்ணு கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. கை கழுவிட்டு வந்து எண்ணிடு."

"முதல்ல மேல வாங்க."

"இரு, இந்த மூலையை முடிச்சுட்டு..."

"மேல வாங்கன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். அவர் பயந்துபோய், குழி ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு மெள்ள ஏறி வந்தார். துவைக்கிற கல்லில் அவரை உட்காரவைத்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அன்றைக்குத்தான் வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

"ஜாடியைத் தொறந்தேங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். "தொறந்துட்டியா! எண்ணினியா? பதினஞ்சு வந்துதா?"

"பதினஞ்சுதான்."

"சொன்னேன்ல! நான் தப்பா எண்ணமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"நீங்க தப்பா எண்ணல. முதல் ரெண்டு வளையத்துல முள்ளு பொடிசா இருக்குங்க. நெருக்கமா இருக்கு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. இந்தத் தொழிலில் நாற்பது வருடம் இருந்தவர். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார், ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல?"

"சரிஞ்சிருக்கு."

"பருமன்?"

"ஒல்லி."

"நீ ஒருத்திதான் பாத்தியா?"

"மரவட்டைக்காரியும் பாத்தா."

தலையிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். "எனக்கு அந்தக் கோடு கண்ணுல பட்டுது" என்றார். "அன்னைக்கே பட்டுது. ஸ்பிரிட்டுல சுருங்கியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அவ போனப்புறம் நான் திரும்பிப் பாக்கவே இல்ல. பாக்க வேணாம்னுதான் தோணிச்சு." பிறகு குழியைப் பார்த்துக்கொண்டே, "அப்போ நான் இனிமே எதைத் தேடறது?" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மற்றதையும் சொன்னேன். சாப்பிடும்போது அவள் கேட்டது, நான் வளராது என்று பொய் சொன்னது, பிளேடு, பூந்தொட்டி, நான் அறைந்தது எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு பயந்துதாங்க ஒளிச்சு வெச்சிருக்கா. நான் அடிக்காம இருந்தா தலையை வெட்டின புழுன்னு உங்ககிட்டயே சொல்லியிருப்பா. இந்தப் பேரும் இல்ல, இந்தக் குழியும் இல்ல. உங்க இருபத்துமூணு வருஷத்தை நாந்தான் மண்ணுல போட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட இருந்தது. அவர் மண் ஒட்டின கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு உன்கிட்ட சொன்னதே இல்ல" என்றார்.

"என்ன?"

"அன்னைக்குக் காலைல இலையில சுத்தி அதைக் கொண்டுவந்தா. என் கையில குடுத்துட்டு, 'அப்பா, இதை நீங்க எண்ணக்கூடாது, அம்மா ஊர்லேர்ந்து வந்ததும் அம்மாதான் எண்ணணும்'னா. எனக்குச் சிரிப்பு வந்துது. 'ஏண்டி, எனக்கு எண்ணத் தெரியாதா?'ன்னேன். 'உங்களுக்கும் தெரியும்பா. ஆனா இது அம்மாவுக்கு. அம்மா எண்ணினா அவங்களுக்கே தெரிஞ்சிடும்'னா. என்ன தெரிஞ்சிடும்னு நான் கேக்கல. ஸ்கூலுக்கு நேரமாச்சு, ஓடிட்டா. எனக்குக் கை சும்மா இருக்குமா? அவ தெருமுனையைத் தாண்டறதுக்குள்ள தட்டுல போட்டுட்டேன். பதினஞ்சுன்னு வந்ததும் எனக்குத் தலைகால் புரியல. சாயங்காலம் அவ ஜுரத்தோட வந்தா. 'எண்ணிட்டீங்களாப்பா?'ன்னு கேட்டா. 'இல்லம்மா, அம்மாவுக்குத்தான் ஆபீஸுல வெச்சிருக்கேன்'னு பொய் சொன்னேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?" அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "இருபத்துமூணு வருஷம் ஏங்க சொல்லல?"

"நீ ஜாடியைப் பாக்கவே மாட்டேன்னுட்டே. அதுக்கு மேல இதை வேற சொன்னா நீ தாங்கமாட்டேன்னு இருந்தேன். நீ நல்லா எண்ணுவேன்னுதான் சொல்றான்னு நெனச்சேன். எனக்கு எப்படித் தெரியும், அது அவ உனக்குச் சொல்ற பதில்னு?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈரம், சேறு, ஒன்றும் உறைக்கவில்லை. நான் ஊரிலிருந்து இரண்டாம் நாள் வந்தேன். நெற்றியில் துணியை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தரம், "அம்மா, ஆபீஸ் போனியா?" என்று கேட்டாள். "உன்னை இப்படி விட்டுட்டு ஆபீஸ் ஒரு கேடா?" என்றேன். அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் நான் ஒரு நாள் கூட யோசித்ததில்லை. அவள் என்னைக் கேட்டது ஆபீஸைப் பற்றி இல்லை. எண்ணினாயா என்று கேட்டிருக்கிறாள். கொட்டு என்று அம்மா சொன்னதைக் கொட்டவில்லை என்று தெரிந்தால் அடி விழும், அதனால் நேராகக் கேட்கவும் பயம்.

டப்பாவிலிருந்த எட்டுப் புழுக்களையும் அவரே குழிக்குள் விட்டார். எண்ணவில்லை. அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினோம். அவருக்கு மூச்சு வாங்கியது. நான் போதும் என்றேன், அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவரும் என்னோடு ஆபீஸுக்கு வந்தார். பட்டியலை மேஜையில் விரித்தேன். ஸ்கேலை வைத்து அவள் பெயர்மேல் கோடு போட்டேன். மரவட்டைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்க் கட்டத்தில் காரணம் எழுதவேண்டும்.

"சொல்லுங்க, என்ன எழுதட்டும்?" என்றேன்.

"உள்ளதை எழுது."

'தனி இனம் அன்று. சாதாரணப் புழுவே. தலை வெட்டப்பட்டபின் மீண்டும் வளர்ந்திருக்கிறது' என்று எழுதினேன். எழுதிவிட்டு, எழுதினது சரியா என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தரம் படித்தேன். அவளுக்குக் காய்ச்சலடித்தபோது நான் பக்கத்தில் இருந்த நாட்களில், அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவேண்டும் என்றுதான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.